அயல்வீட்டு நாயும் எல்லைக் கோட்பாடும்: தீவகத்தை முன்வைத்து ஒரு கண்டனம்

ஒரு வீட்டில் உண்டு மற்றொரு வீட்டில் மலங்கழிக்கும் நாயைப் பற்றி யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பேச்சு நிறைய உண்டு, ஆய்வுதான் இல்லை. பேச்செல்லாம் விடியற்காலையில், விளக்குமாறும் கையுமாக, வேலிக்கு மேலாக, உரத்த குரலில் நடப்பது. அந்த வேளையில் எவருக்கும் தருக்கம் கைகூடாது. ஊர்காவற்றுறை தொடங்கி நெடுந்தீவு ஈறாகக் கத்தரிப் பாத்தியிலும் செவ்வரத்தை அடியிலும் அன்றாடம் காணப்படும் இப்பொருளை நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சைவ சித்தாந்த நூலோர் காட்டிய வழியே முதலில் பிறர் கொள்கைகளைப் பரபக்கமாக எடுத்து மறுத்து, பின்னர் சுபக்கத்தை நிறுவுவோம். நிறுவப்போவது இதுதான்: நாய் உங்கள் வளவை அசுத்தப்படுத்துவது உங்கள் எல்லையை மதியாததால் அன்று, தீவகத்தில் அந்த எல்லையை ஐயமற ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரே உயிர் அதுவாக இருப்பதால்.

முதற் கட்சி வேலிவாதிகளுடையது. வேலியை அறுக்கையாக அடைத்தால் நாய் வராது என்பது அவர்கள் துணிபு. வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்து வேலி, கிளுவை, பூவரசங் கதியால்களை நட்டுப் பனையோலையாலோ கிடுகாலோ கறுக்குமட்டையாலோ அடைக்கப்படுவது. அதற்கு எதிரிகள் மூவர்: கன்றைக் கடிக்கும் ஆடு, பாத்தியை மிதிக்கும் கட்டாக்காலி மாடு, தெருவில் போகிறவரின் கண். ஆட்டுக்கு உயரமும் மாட்டுக்கு உறுதியும் கண்ணுக்கு நெருக்கமும் போதும். நாய் கேட்பதோ தரையோடு ஒரு சாண் இடைவெளி. கறையான் தின்ற ஓலையடியில் அது கேளாமலே கிடைக்கிறது. கிடைக்காவிட்டாலும் பொட்டு இருக்கிறது. பொட்டு வேலியின் பழுதன்று, அதன் உறுப்பு. கறிக்கிண்ணம் போவதும் உறைமோர் வருவதும் பிள்ளைகள் குறுக்கால் ஓடுவதும் அதன் வழியேதான். நாய்க்காகப் பொட்டை அடைத்தவர் அடுத்த நாளே உறைமோருக்காகத் தெருவைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கும். இரண்டாம் வாரம் பொட்டு மறுபடி திறந்திருக்கும். நெடுந்தீவில் வேலி இல்லை, முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய மதிலல்லவா இருக்கிறது என்பார் உளர். உண்மை. அதைக் கறையான் தின்னாது. குதிரையும் எளிதில் கடக்காது. ஆயினும் சாந்தில்லாத கல்லடுக்கு நாயின் காலுக்குப் படிக்கட்டு. அதற்கும் சோம்பிய நாய் படலையால் வரும். ஆகவே வேலியால் இது தீராது.

இரண்டாம் கட்சி சட்டவாதிகளுடையது. தீவுகளுக்கு லைடன், ஹார்லெம், டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயர்களை இட்ட ஒல்லாந்தர், சட்டத்தையும் விட்டுப் போயினர். யாழ்ப்பாணத்தார் வழமைகளைத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். 12 முதலியார்கள் அதைச் சரிபார்த்தனர். ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக்கினர். இந்தத் தேசவழமை, எல்லை கடந்து அயல்காணிக்குச் சாயும் மரத்தின் பயன் யாரைச் சேரும் என்றுகூடப் பேசுகிறது. இதை நாய்க்கு நீட்டிப் பார்க்கலாம். சாய்ந்த மரத்தின் பயன் நட்டவனுக்கே என்று கொண்டால், நாயின் பயனும் வளர்த்தவனுக்கே. அவன் வந்து அள்ளிப் போகக் கடமைப்பட்டவனல்லன், உரிமைப்பட்டவன். உரிமையைப் பயன்படுத்தாமல் விடுபவனை என்ன செய்ய முடியும்? பயன் விழுந்த நிலத்துக்காரனுக்கே என்று கொண்டால், பாத்தியில் கிடப்பது நமக்கு வந்த ஆதாயம். ஆதாயத்துக்கு வழக்கு வையார். இரு வழியும் அடைபட்டபின், தேசவழமை பேசாத இடத்தில் பேசும் உரோம-ஒல்லாந்தச் சட்டத்துக்குப் போகிறோம். அதில் விலங்கு செய்த கேட்டுக்கு உடையவனைப் பொறுப்பாக்கும் பழைய வழக்கு ஒன்றுண்டு; அதன் வேர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரு பலகைகளுக்குப் போகும். ஆனால் அவ்வழக்கு நிற்பதற்கு, விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்திருக்க வேண்டும். மலங்கழித்தல் நாயின் இயல்புக்கு மாறு என்று எந்த நியாயதுரந்தரர் வாதாடுவார்? பிறன் நிலத்தில் மேய்ந்த விலங்குக்கு வேறொரு வழக்குண்டு; அது உட்கொண்டதைப் பற்றியது, வெளியிட்டதைப் பற்றியதன்று. 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் மாட்டை நோக்கி எழுந்தது. 1893இல் வந்த விசர்நாய்ச் சட்டம் நாயின் வாயைக் கவனித்தது. 1901இல் வந்த நாய்ப் பதிவுச் சட்டம் அதன் தலையை எண்ணியது. வாலுக்கு இப்பால் சட்டமியற்றும் துணிவு அந்த அரசுக்கு வரவில்லை.

மூன்றாம் கட்சி மருந்துவாதிகள். மிளகாய்த்தூள் தூவுக என்பர் இவர்களில் ஒரு சாரார். தீவகத்தில் வைகாசி தொடங்கி ஆவணி வரை சோழகம் வீசும் என்பதை இவர்கள் மறந்தனர். அந்தக் காற்றில் தூவிய மிளகாய்த்தூள் நாயின் மூக்கை அடையுமுன் தூவியவரின் கண்ணை அடையும். மாரியிலோ முதல் மழையோடு கரைந்து கிணற்றுப் பக்கம் போகும். சொட்டுநீலம் கரைத்த போத்தலைத் தொங்கவிடுக என்பர் மற்றொரு சாரார். நாய்க்கண் நன்றாகப் பிரித்தறியும் நிறங்கள் இரண்டே: நீலமும் மஞ்சளும். ஆகவே போத்தலை அது தெளிவாகக் காணும். கண்டபின் அஞ்சுவதற்கு அதில் ஏதுமில்லை என்பதையும் தெளிவாகக் காணும். கல்லெறிவாதிகள் மூன்றாம் சாரார். காணிக்குக் காவலாக ஒரு மூலையில் வைரவர் சூலத்தை நட்டு வடைமாலை சாத்திவிட்டு, மறு மூலையில் அவர் வாகனத்தின்மேல் கல்லெறிவது எவ்வாறு பொருந்தும் என்பதை அவர்களே விளக்க வேண்டும். கிடந்ததை மண்வெட்டியில் ஏந்தி வேலிக்கு மேலால் உடையவன் பக்கம் திருப்பி அனுப்பும் முறையும் உண்டு. அதில் நீதி உண்டு, பயன் இல்லை. அனுப்பியவர் யாரென்று உடையவனுக்குத் தெரியும், எதற்கென்று நாய்க்குத் தெரியாது.

இனிச் சுபக்கம். நாய் தான் படுக்கும் இடத்தையும் உண்ணும் இடத்தையும் இயன்றவரை சுத்தமாக வைத்திருக்கும் விலங்கு. கண் திறந்து கால் ஊன்றியதுமே குட்டி தாயின் படுக்கையை விட்டு அப்பால் போய்த்தான் ஒதுங்கும். இந்த ஒரு விதியிலிருந்து எல்லாம் பெறப்படும். நாய் ஒதுங்கும் இடம் தன்னுடையதல்லாத இடம்; உங்கள் பாத்தியில் அது ஒதுங்கினால், பாத்தி தன் வீட்டாருடையதன்று என்று அது ஒப்புக்கொண்டுவிட்டது. இந்த ஒப்புதலின் அருமையைத் தீவகத்தார் நன்கறிவர். வேலியடைப்புக் காலத்தில் கதியாலை ஆண்டுக்கொரு விரல்கடை அப்பால் தள்ளி நடுவது மனிதர் செயல். உறுதி ஒன்று சொல்ல, வேலி ஒன்று சொல்ல, வழக்கு அப்பனிடமிருந்து மகனுக்கு முதுசமாக இறங்குவதும் மனிதர் செயலே. நாயோ உறுதி படியாமலே எல்லையை அறிந்து, நாள்தோறும் அதற்குச் சான்று இடுகிறது. அளவையிலும் அது குறைந்ததன்று. செக் குடியரசையும் ஜேர்மனியையும் சேர்ந்த ஆய்வாளர் 37 இனத்து 70 நாய்களைத் தொடர்ந்து கவனித்து, 1,893 மலங்கழிப்புகளைத் திசையோடு பதிந்தனர். பூமியின் காந்தப்புலம் அமைதியாயிருக்கும் வேளைகளில் நாய்கள் வடக்குத் தெற்காக உடலை வைத்துக்கொள்ள விரும்புகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. 2014இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. திசையறி கருவியும் எல்லையறிவும் ஒருங்கே வாய்த்த இவ்வுயிரை நில அளவையாளர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தீவகத்தில் ஆளில்லா வளவுகள் எத்தனையோ கிடக்க, நாய் ஏன் அங்கே போகவில்லை என்று கேட்கலாம். வலிய கேள்வி. 1990களின் இடப்பெயர்வுக்குப் பின் திரும்பி வராதவர்களின் காணிகள் பற்றை மூடிக் கிடக்கின்றன. உடையவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒதுங்கும் வேளை நாய்க்கு ஆபத்தான வேளை. ஓடவும் இயலாது, கடிக்கவும் இயலாது. நாற்புறமும் பார்வை படும் வெளியும், முள் குத்தாத நிலமும், காலால் விறாண்டினால் இளகும் மண்ணும் அதற்கு வேண்டும். கூட்டித் தண்ணீர் விட்டுக் கொத்திப் பண்படுத்திய பாத்தியில் இவை மூன்றும் ஒருங்கே உள. உங்கள் தோட்டம் தெரிவாவது உங்கள் உழைப்பின் சிறப்பால். இதைக் கேட்டு எவரும் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. ஆறுதல் ஆய்வின் வேலையன்று.

தீர்வு இங்கிருந்தே கிளைக்கிறது. நாய் தனதல்லாத இடத்தில்தான் ஒதுங்குமெனில், உங்கள் பாத்தியைச் சற்றே அதனுடையதாக்குக. முதலில் கிடப்பதை மண்ணோடு அள்ளி அகற்றிக் கழுவுக. பழைய மணம் நாய்க்கு அழைப்பு. பிறகு அதே இடத்தில், ஒரு முழமும் பிசகாமல், சிரட்டையில் இரண்டு அகப்பைச் சோற்றை மீன்கறித் தண்ணியில் பிசைந்து வைக்க. அருகில் ஒரு பழஞ்சாக்கை விரிக்க. நாய் உண்டு, படுத்து, எழுந்து, வேறிடம் தேடிப் போகும். இதுவரை நடந்தது என்னவென்றும் இப்போது விளங்கும். உடையவன் நாளுக்கு இரண்டு அகப்பைச் சோறு செலவிட்டு, அதற்கு ஈடாக இரவுக் காவலையும் சுத்தமான முற்றத்தையும் பெற்றான். நீங்கள் ஒன்றும் செலவிடாமல் மிச்சத்தைப் பெற்றீர்கள். கணக்கு நேராக வேண்டுமானால் முதல் போட வேண்டும்.

தடைகள் எழும். குற்றம் செய்ததற்குப் பரிசா என்பது முதல் தடை. குற்றமே இல்லை என்று மேலே நிறுவினோம். இல்லாத குற்றத்துக்குப் பரிசு கொடுத்தல் இயலாது. மலம் எருவல்லவா, கிடந்துவிட்டுப் போகட்டும் என்பது இரண்டாம் தடை. ஆட்டுப் புழுக்கையைத் தேடிப் பொறுக்குகிறோம், மாட்டுப் பட்டி அடைக்கக் காத்திருக்கிறோம், நாய்க்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை என்று கேட்கிறார்கள். ஆடும் மாடும் இலை தின்பன. நாய் இறைச்சியும் தின்பது. அதன் மலத்தில் டொக்சோகாரா என்ற வட்டப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். அவை மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தொற்றும் நிலை அடைந்து, ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் பிள்ளைக்கு அதனால் கேடு. உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையை நம்பி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு வழியே ஊறும் ஆழமில்லாக் கிணறுகளில் குடிக்கும் தீவுகளில், எந்த அழுக்கும் தரையில் தங்கிவிடுவதில்லை. ஆகவே அன்றன்றே அள்ளிக் கிணற்றுக்கும் பாத்திக்கும் எட்டத் தாழ்க்க வேண்டும். இதில் மட்டும் விகடத்துக்கு இடமில்லை.

மூன்றாம் தடையே கடுமையானது: உங்கள் வளவை விட்ட நாய் அடுத்த வளவுக்குப் போகும், துன்பம் தீர்ந்ததா, இடம் மாறியதா? இடம் மாறியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அடுத்த வீட்டாரும் இக்கட்டுரையைப் படித்துச் சோறு வைப்பர், அதற்கடுத்தவரும் வைப்பர். பெருநிலப்பரப்பில் இந்தத் தொடர் முடிவிலியாகும். தீவில் ஆகாது; இதுவே தீவகத்தை ஆய்வுக்களமாகக் கொண்டதன் காரணம். நயினாதீவு சுமார் 4 சதுர கிலோமீட்டர். வளவுகள் எண்ணி முடியக் கூடியவை. எல்லா வளவிலும் சோறு வைக்கப்பட்ட அன்று நாய்க்கு எஞ்சுவது கடற்கரை. அங்கே வலை உலர்த்துவோர் ஏற்கெனவே மீன் போட்டுப் பழக்கியிருந்தால் அதற்குக் கரையும் இல்லை. குறிகட்டுவானுக்குப் போகும் படகுதான் மிச்சம். அது புங்குடுதீவாரின் ஆய்வுக்கு உரியது. ஊரெல்லாம் சோறு வைத்தால் அந்த நாய் யாருடையது என்றும் கேட்பர். ஊரெல்லாம் காவல் காக்கிற நாய் யாருடையதாக இருந்தால் என்ன?

எஞ்சியிருப்பது சோற்றுச் செலவை யார் ஏற்பது என்ற ஒன்றே. இதற்கு நீதிமன்றம் வேண்டாம். 1988இன் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை போதும். அங்கே யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பதில்லை, இருவரும் எதற்கு ஒத்துவருவீர்கள் என்றுதான் கேட்பார்கள். உடையவன் காலையிலும் அயலவன் மாலையிலும் வைப்பதென்று ஒத்துக்கொண்டால் இரு வளவும் சுத்தமாகும், நாயும் கொழுக்கும். கதியாலின் ஒரு விரல்கடையைப் பற்றியும் அதே அமர்வில் பேசி முடித்துவிடலாமே என்று யாரும் இடையில் தொடங்காதிருப்பது நலம். தவணை கிடைக்கும்வரை, மாலை உலையில் அரைச்சுண்டு அரிசி கூடப் போடுக.