காய்ந்த ஊர் கிளாக்கர்

சப்ரகமுவத் தோட்டங்களில் எந்த ஆபீசுக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். இறக்குவானைப் பக்கம் என்றால் ஆள் மெலிந்திருப்பார்; எட்டியாந்தோட்டைப் பக்கம் என்றால் கொஞ்சம் தொந்தி. மற்றபடி ஒரே ஆள்தான். செக்ரோல் எழுதி எழுதி வலது தோள் இறங்கிப்போன பெரிய கிளாக்கர். ரிட்டயராக இரண்டு வருசம் இருக்கும், இல்லாவிட்டால் ரிட்டயராகி இரண்டு வருசம் ஆகியிருக்கும். எதுவென்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு நிலையிலும் அவர் சொல்வது ஒன்றைத்தான்: "நான் வவுனியாவுக்குப் போயிடப் போறேன். காய்ஞ்ச ஊரு. எல்லா வசதியும் இருக்கு."

காய்ந்த ஊர்மீது இவ்வளவு மோகம் வரக் காரணம் வானம்தான். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. வவுனியாவில் அதில் பாதிகூட இல்லை. இந்த வித்தியாசம் நமக்கெல்லாம் பாடப்புத்தகச் செய்தி. கிளாக்கருக்கு அது சொந்த உழைப்பு. தோட்ட ஆபீசுக்கு முன்னால் கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி நிற்கும். காலையில் அதிலிருந்த தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுதும் வேலை பல காலம் அவர் தலையில்தான் இருந்தது. ஆகவே மற்றவர்கள் மழையைக் குத்துமதிப்பாகத் திட்டும்போது, இவர் ஆதாரத்தோடு திட்டுவார். "நேத்து ராத்திரி மட்டும் ரெண்டே முக்கால் அங்குலம். இது மழையா, பழிவாங்கலா?" ரிட்டயரான பிறகும் பழக்கம் போகவில்லை. குவாட்டர்ஸ் வாசலில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலை வைத்து, அடிமட்டத்தைச் செருகிப் பார்க்கிறார்.

மழையால் அவர் பட்டதும் கொஞ்சநஞ்சமல்ல. றப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டினாலும் பட்டையோடு பால் கழுவிக்கொண்டு போய்விடும். பாதி நாளில் மழை பிடித்துக்கொண்டால் அரைப்பேரா, முழுப்பேரா என்ற கூலி வழக்கு கிளாக்கர் மேசைக்கு வரும். பெய்தது வானம், வெட்டச் சொன்னது துரை, பேச்சு வாங்கியது கிளாக்கர்.

வீட்டுக்குள் வந்தால் பூஞ்சணம். காற்சட்டை, பெல்ட், பிள்ளைகளின் சேர்ட்டிபிக்கட் எதுவும் தப்பவில்லை. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை முகத்தில் மட்டும் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. பொண்ணு முகம் பளிச்சென்று இருக்கிறது. இதற்கு அவர் மனைவியான அந்த அம்மா ஒரு விளக்கம் வைத்திருக்கிறார், சபையில் சொல்லக்கூடியதல்ல. தீப்பெட்டியை அடுப்பு மேட்டில் காயவைத்துத்தான் அடுப்பையே பற்றவைக்க வேண்டும். வெளியே கால் வைத்தால் அட்டை. கிளாக்கரின் சட்டைப்பையில் ஒரு பக்கம் பேனா, மறுபக்கம் கசங்கிய கடதாசியில் உப்பு. பேனாவை மறந்து போனாலும் போவார், உப்பை மறக்கமாட்டார்.

இப்போது வவுனியாவின் வசதிகளைக் கேளுங்கள். நகரத்தை ஒட்டிய குருமன்காடுதான் அவர் மனதில் உள்ள இடம். "ஆஸ்பத்திரி பக்கத்துல. பேங்க் பக்கத்துல. கோயிலுக்கு நடந்து போகலாம், சறுக்காது. ரயில் இருக்கு. நம்ம இரத்தினபுரிக்கும் ஒரு காலத்துல ரயில் வந்துச்சு. எழுபதுகளோட அவிசாவளையிலேயே நின்னுபோச்சு. அங்க யூனிவர்சிட்டியே இருக்கு, 2021-ல இருந்து தனி யூனிவர்சிட்டி."

"நீங்க என்ன, படிக்கப் போறீங்களா?" என்பார் அம்மா, உள்ளேயிருந்து.

கிளாக்கர் காதில் விழாததுபோல் தொடர்வார். "அட்டை இல்ல. மண்சரிவு இல்ல. சரியணும்னா மேடு வேணும்ல?" இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் வேடிக்கை இராது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கியதையும், மறு வருசம் இரத்தினபுரியில் வெள்ளம் வந்ததையும் பார்த்தவர். அடைமழை இரவுகளில் மண்சரிவு எச்சரிக்கை கேட்பதற்காக ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பவர். தட்டையான நிலமும் ஒரு வசதி என்று கணக்கெழுத வேறு யாருக்குத் தோன்றும்?

பட்டியலின் கடைசியில், குரலைச் சற்றே தாழ்த்தி, இன்னொரு வசதியைச் சொல்வார். "கச்சேரிக்குப் போனா ஃபாரம் தமிழ்ல குடுப்பான். பொலிசுக்குப் போனா முறைப்பாட்டைத் தமிழ்ல எழுதுவான்." தமிழ் 1987-லேயே அரசகரும மொழியாகிவிட்டது. ஆனாலும் இவர் வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்கள் சிங்களத்தில்தான் வருகின்றன. அவருக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். லயத்து ஆட்கள் கொண்டுவரும் கடிதங்களுக்கெல்லாம் அவர்தான் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர். ரிட்டயரானால் அந்த உத்தியோகத்திலிருந்தும் ரிட்டயராக வேண்டும் என்பது அவர் ஆசை.

ஓய்வுக்குக் காய்ந்த ஊர் தேடுபவர் இவர் மட்டுமல்ல. அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்தில் 1960 ஜனவரி முதலாம் திகதி டெல் வெப் என்ற கட்டடக்காரர், ஓய்வுபெற்றவர்களுக்கென்றே சன் சிட்டி என்று ஒரு குடியிருப்பைத் திறந்துவைத்தார். கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், கடைத்தொகுதி எல்லாவற்றையும் முதலில் கட்டிவிட்டு, பிறகு ஆட்களைக் கூப்பிட்டார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நம் கிளாக்கருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார், ஆனால் ஒரு சந்தேகம் கேட்டிருப்பார்: "பாலைவனத்துல குளத்துக்குத் தண்ணி எங்க இருந்து எடுத்தான்?"

அந்தக் கேள்வியில்தான் வவுனியாத் திட்டமும் இடறுகிறது.

நிலம் பார்க்க அவர் போகாமலில்லை. குடையோடு கண்டிக்குப் போய், தம்புள்ளை தாண்டி, மதவாச்சியில் பஸ் நிற்கும்போது பக்கத்து சீட்காரருக்கு வரலாறு சொல்வார். "இடது பக்கம் பிரியுதே, அதுதான் மன்னார் ரோடு. நம்ம பாட்டன் பூட்டன் தலைமன்னார்ல கப்பலை விட்டு இறங்கி இந்த வழியாத்தான் வந்தாங்க. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே தலைமன்னார்லதான் நம்ம சனத்தைத் திருப்பிக் கப்பல் ஏத்தினாங்க." பக்கத்து சீட்காரர் தூங்கியிருப்பார். கிளாக்கர் சொல்லாமல் விடுவதும் ஒன்றுண்டு. 1977 கலவரத்தில் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இதே வவுனியாவுக்கு மூட்டையோடு வந்து சேர்ந்தன. அவர்கள் வசதி விசாரித்துவிட்டு வந்தவர்களல்ல. அதில் அவருக்கு உறவுக்காரர்களும் உண்டு. இன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு.

சாப்பாட்டுக்குப் பிறகு தரகர் வருவார். பத்து பேர்ச், ரோட்டோரம், இரண்டு தென்னை, கட்டுக்கிணறு. கிளாக்கர் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார். அடியில் ஒரு தகர டப்பா காய்ந்துபோய்க் கிடக்கும்.

"தண்ணி?"

"கிணறு இருக்கு ஐயா. தண்ணி மாரிக்குப் பிறகு வந்து பாக்கோணும்."

"குடிக்க?"

"குடிக்க இந்தக் கல்லுத் தண்ணி வேண்டாம் ஐயா. கிட்னிக்குக் கூடாது. கடையில ஃபில்டர் தண்ணி வாங்கலாம், கான்ல கொண்டுவந்து தருவாங்கள்."

தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதா! இங்கே அவர் குவாட்டர்ஸ் பின்பக்கம் பீலியில் இரவும் பகலும் தண்ணீர் கொட்டுகிறது; அதை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. இரத்தினபுரியில் மாணிக்கக் குழி வெட்டுகிறவன் ஊறும் தண்ணீரை இறைப்பதற்கே மோட்டார் பூட்டுகிறான். வவுனியாவில் வெட்டினால், தண்ணீர் வந்தாலே மாணிக்கம் கிடைத்த மாதிரி. திரும்பி வரும் பஸ்ஸில் கிளாக்கர் பேசமாட்டார். அவிசாவளை தாண்டி ஜன்னலில் சாரல் அடித்ததும், தன்னையறியாமல் கையை வெளியே நீட்டிப் பார்த்து, "கால் அங்குலம் இருக்கும்" என்பார்.

அடுத்த நாள் காலை ஆபீஸ் திண்ணையில் பழையபடி ஆரம்பித்துவிடுவார். தண்ணீர் கதையைச் சொல்லமாட்டார். "ஊர்னா ஊரு! வேட்டி அரை மணித்தியாலத்துல காயுது!" அம்மாவுக்கு இதிலெல்லாம் பட்டும் படாத நிலைப்பாடு. "எந்த ஊருக்குப் போனாலும் தேத்தண்ணி நான்தான் ஊத்தணும். இங்கேயே ஊத்திட்டுப் போறேன்" என்பார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இவர் இப்படி ஊர் தேடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அறுபதாம் வயதில் கம்பெனி மாலை போட்டு, படம் பிடித்து, கேக் வெட்டிவிட்டு, குவாட்டர்ஸை எப்போது காலி செய்வீர்கள் என்று மரியாதையாக ஒரு கடிதம் கொடுக்கும். லயத்து ஆட்களுக்காவது ஏழு பேர்ச் காணி, இந்திய வீடமைப்பு என்று மேடைகளில் பேச்சு நடக்கிறது. சில இடங்களில் வீடும் எழும்பியிருக்கிறது. கிளாக்கரைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை. தொழிலாளிக்கு அவர் துரை பக்கம், துரைக்கு அவர் தொழிலாளி பக்கம். ஈ.பி.எஃப். காசும் சேர்விஸ் காசும் பிள்ளைகளின் படிப்பிலும் ஒரு கல்யாணத்திலும் பாதி கரைந்திருக்கும். ஆயுசு முழுக்க அங்குலம் அங்குலமாக மழையைக் கணக்கெழுதியவருக்கு, அந்த மழை விழுந்த மண்ணில் ஓர் அங்குலம் சொந்தமில்லை. அப்படிப்பட்டவர் கனவில் ஒரு பத்து பேர்ச் வாங்கி, அதற்கு ஆஸ்பத்திரி, ரயில், யூனிவர்சிட்டி எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?

ஆகவே இவரைச் சந்தித்தால் பொறுமையாகக் கேளுங்கள். குருமன்காட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள். நிமிசக் கணக்கில் சொல்வார். கார்த்திகை மார்கழியில் வவுனியாவிலும் வெள்ளம் வருமே என்று மட்டும் கிளப்பாதீர்கள்; அது அவருக்குத் தெரியும். புறப்படுகிற திகதியையும் கேட்காதீர்கள். வாய் தவறிக் கேட்டுவிட்டால் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, மிகுந்த நிதானத்தோடு சொல்வார்:

"மழை விடட்டும்."