ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் இடையே நான்கு மாத்திரை

பழைய மகாபலிபுரம் சாலையோரத்து வாழ்வை ஆராய்வோர் பெருங்குடி ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குப்பைக் கிடங்கைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்துபோகும் பறவைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதே சதுப்புநிலத்தைப் பார்த்த பால்கனி கொண்ட வீட்டில், ஹாலில் இருக்கும் வைஃபை பெட்டியிலிருந்து பெட்ரூம் லேப்டாப்புக்கு ஒரு செய்தி போய்ச்சேர ஏன் இத்தனை நேரமாகிறது என்ற வினாவை மட்டும் அறிஞருலகம் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவிடம் விட்டுவிட்டது. அக்குறையை நீக்கப் புகுந்தது இக்கட்டுரை.

முதலில் அளவை. தாமதத்தை அளக்கும் கருவி பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடமொன்றில் மைக் மியூஸ் என்பவர், நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று எரிச்சலுற்று ஒரே மூச்சில் எழுதி முடித்த சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனாரின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. ‘இருக்கியா?’ என்று கேட்டுவிட்டு, ‘இருக்கேன்’ என்ற பதில் திரும்பிவர ஆன நேரத்தை மில்லி விநாடியில் சொல்லும்.

மில்லி விநாடி நம் மரபுக்கு ஒட்டாது. தொல்காப்பியர் கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் காட்டி மாத்திரை என்ற அலகை எப்போதோ வகுத்துவிட்டார். இன்றைய கணக்கில் ஓர் இமைப்பு 100 முதல் 400 மில்லி விநாடி வரை போகும். ஆய்வு வசதி கருதி 200 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு வசதியை எதிர்த்து வென்றவர் இல்லை. ஆக, பிங் 200 காட்டினால் குறில், 400 நெடில், 600 உயிரளபெடை. 100 என்றால் ஒற்று. 50 என்றால் மகரக் குறுக்கம், அதாவது கால் மாத்திரை. நன்னூலார் அதற்குக் கீழே இறங்கவில்லை. அவர் வீட்டில் லேன் கேபிள் இல்லை. இருந்திருந்தால், கேபிள் வழியாக வைஃபை பெட்டியை எட்டிப் பார்த்துவர ஒரு மில்லி விநாடியே போதும் என்று கண்டு, புதிதாக ஒரு குறுக்கம் சேர்த்திருப்பார்.

இனி பிறர் மதம். பெருங்குடியில் இது குறித்து நான்கு கூட்டத்தார் உளர். மூத்தவர் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ கூட்டத்தார். இவர்கள் காரணம் கேட்பதில்லை, பலனும் அரைமணி நேரமே நிற்கும் என்பதால் இவர்களோடு வாதம் இல்லை. அடுத்தவர் மெட்ரோ கூட்டத்தார். சாலையில் இரண்டாம் கட்டத் தூண்களுக்காக என்று பள்ளம் தோண்டினார்களோ, அன்றே நெட் போயிற்று என்பர். அது பொருந்தாது. என்னையெனின், பள்ளத்தில் கேபிள் அறுந்தால் நெட் நிற்கும், நொண்டாது.

மூன்றாமவர் சிங்கப்பூர் கூட்டத்தார். விளையாட்டின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, நடுவே வங்கக் கடல் கிடக்கிறது, தாமதமாகாமல் என்ன செய்யும் என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலடியில் 2002-இலேயே கிடத்திய ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 16, வர 16, மொத்தம் 32 மில்லி விநாடி. மகரக் குறுக்கம்கூட இல்லை. இந்த ஆய்வாளர் வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு, பெட்ரூமிலிருந்து ஹால் பெட்டிக்குப் பிங் அடித்தால் குறிலைத் தாண்டிக்கொண்டிருந்தது. நேரத்தால் அளந்தால், பெட்ரூமுக்குச் சிங்கப்பூர் பக்கம், ஹால்தான் அயல்நாடு.

நான்காமவர் பிளான் கூட்டத்தார். நூறு எம்பிபிஎஸ் பிளானை முந்நூறாக்கினால் சரியாகும் என்பது இவர் கொள்கை. கால் சென்டரில் இருப்பவரும் இதே கொள்கையினர். இவர்களுக்குப் பதில் சொல்லப் பெருங்குடியிலேயே கல்வெட்டுக்கு நிகரான சான்று ஒன்று இருந்தது. 2021 ஆகஸ்டில் வசூலை நிறுத்தும்வரை நின்ற டோல்கேட். சாலை ஆறுவழிச் சாலைதான். இருந்தும் காலை ஒன்பது மணிக்கு அங்கே நின்றவருக்குச் சாலையின் அகலம் ஒரு ஆறுதலும் தந்ததில்லை. வரிசைதான் நேரத்தைத் தின்றது.

களஆய்வுக்கு வருவோம். ஹாலில் டிவிக்குப் பின்னே பெட்டி. அதற்கும் பெட்ரூமுக்கும் இடையே ஒரு சுவர், சுவரை ஒட்டி இரும்பு பீரோ, பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி. வைஃபை அலைக்குக் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சும் இரும்பும் வந்த வழியே திருப்பியனுப்பும் வாயிற்காவலர். லைன்மேனாக வந்த தம்பி பெட்டியைப் பார்க்கவேயில்லை, பீரோவைப் பார்த்தார். “எங்க சைடுல எல்லாம் கிளியர் சார். இதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க.” பீரோ சீர்வரிசையில் வந்தது. அதைத் தள்ளிப் போடுவது குறித்து இல்லத்தரசியார் தெரிவித்த கருத்து ஆய்வேட்டில் சேர்க்கத்தக்கதன்று. “பீரோவை ஏம்ப்பா தள்ளணும், பெட்டியைத் தள்ளு” என்று மகள் சொன்னதோடு இந்த அதிகாரம் முடிந்தது.

பெட்டியைத் தள்ளியதும் பாதி குறைந்தது. மீதிக்கு அண்டைவீட்டார் காரணம். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005 முதல் உரிமம் இல்லாமல் யாரும் ஆளலாம் என்பதால், ஒரு மாடிக்கு நாலு வீடென்றால் நாலு பெட்டியும், மேலும் கீழும் உள்ளவையும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே வெளியில் கூடுகின்றன. ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. பிறர் பேசினால் காத்திரு, மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி பேசு என்பது வைஃபையின் ஒழுக்கம். அதில் பின்பாதி, 1971-இல் ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த நார்மன் ஆப்ராம்சனின் அலோஹா நெட்டிலிருந்து வந்த பண்பாடு. ஆளாளுக்குப் பொறுமை காக்கக் காக்க மாத்திரை ஏறும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் கூட்டம் குறைவு. அந்த அலை சுவரைத் தாண்ட மெனக்கெடாது என்பதால் அண்டைவீட்டார் தொல்லையும் நம்மை எட்டுவதில்லை.

அலுவலக லேன் தனி நூலுக்குரியது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கலாம். தரையில் தொங்கும் கேபிள் நுனியைக் கண்டு பொறுக்காத ஒழுங்குமிக்க ஊழியர் அதை அதே சுவிட்சில் செருகிவிட்டால், செய்தி வட்டமடித்துப் பெருகி அலுவலகமே படுத்துவிடும். 1985-இல் ராடியா பெர்ல்மன் இதற்கு மருந்து கண்டுபிடித்தார். மலிவான சுவிட்சுகளில் அம்மருந்து வைப்பதில்லை.

வீட்டுக்குத் திரும்புவோம். ஹால் பெட்டிக்குப் பிங் இப்போது ஒற்றை இலக்கம். ஆனாலும் சில இரவுகளில் வெளியே அடித்த பிங் 800-ஐத் தொட்டது. நான்கு மாத்திரை. இலக்கணம் அளபெடைக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டது. அந்த இரவுகள் எல்லாம் கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்திருந்த இரவுகள். விசாரித்தோம். “நான் ஒண்ணும் பண்ணலையே மாப்ளே. போன் சார்ஜ்லதான கெடக்கு.”

அங்கேதான் விடை கிடந்தது. சார்ஜில் போட்டு, வைஃபையும் கிடைத்தால், போன் தானாகவே வளைகாப்பு வீடியோ முழுவதையும் மேலே ஏற்றத் தொடங்கும். மெமரி மலிவான காலத்துப் பெட்டி, வந்ததையெல்லாம் கீழே போடாமல் உள்ளே அடுக்கி வைத்துக்கொள்ளும். கீழே போட்டால்தான் அனுப்புகிறவன் வேகத்தைக் குறைப்பான். போடாததால் அவன் மேலும் மேலும் தள்ளுவான். மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் உள்ள இணைப்பில் பெட்டிக்குள் ஒரு எம்பி தேங்கினால் கணக்கு சரியாக 800 மில்லி விநாடி. மகளின் விளையாட்டும் ஆய்வாளரின் ஆபீஸ் மீட்டிங்கும் அந்த வளைகாப்பு ஊர்வலத்தின் பின்னால் நின்றன. 2010-இல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டில் இதையே கண்டு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடல் என்னும் முறையைத் தந்தனர். பெட்டியில் வந்தது எவ்வளவு என்று பாராமல், எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்த்து, மிஞ்சினால் கீழே போடு என்பது அதன் சாரம். உங்கள் பெட்டியின் மெனுவில் எஸ்கியூஎம் என்று ஏதேனும் இருந்தால் அதன் உறவே. இல்லையென்றால் மேலேற்றும் வரம்பை உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். வரிசை உருவாகாது.

பெருங்குடி வாழ் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை நெட் நொண்டினால், கால் சென்டருக்குப் போன் போடுமுன் 192.168.1.1-க்கு ஒரு பிங் அடியுங்கள் (சில பெட்டிகளில் முகவரி வேறு, அடியில் ஒட்டியிருக்கும்). அது பத்துக்கு மேல் போனால் பீரோவைப் பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால், வீட்டில் யார் போன் சார்ஜில் கிடக்கிறது என்று பாருங்கள்.