மானம் காக்கும் மகான்கள்

யூத மதச் சட்டத்தில் 'மெசிரா' என்றொரு தடை உண்டு. ஒரு யூதர் இன்னொரு யூதரை வேற்று ஆட்சியாளரிடம் பிடித்துக் கொடுக்கக் கூடாது. அந்தத் தடை பிறந்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. ஒருவனைப் பிடித்துக் கொடுத்தால் அவன் சொத்தையும் உயிரையும் சேர்த்துச் சூறையாடுகிற அரசுகள் இருந்த காலம் அது. நடுங்கிக் கிடந்த ஒரு சமூகம் தன்னைக் காக்கப் போட்ட வேலி. இன்று அதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள்.

மெல்பர்னில் அடாஸ் இஸ்ரேல் பள்ளி. 2008 மார்ச்சில் தலைமையாசிரியை மால்கா லைஃபர் மாணவிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்கிறார் என்ற புகார் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. குழு தூங்கியது என்று யாரும் பழி சொல்ல முடியாது. என்ன சுறுசுறுப்பு! கூடினார்கள், பேசினார்கள், டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். சில மணி நேரத்தில் அம்மையார் இஸ்ரேலுக்குப் பறந்துவிட்டார். இத்தனை வேலைக்கு நடுவே போலீஸுக்கு ஒரு போன் போடத்தான் நேரமில்லை, பாவம். 2015-ல் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் இந்தச் சுறுசுறுப்பைக் கடுமையாகக் கண்டித்து, பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது.

மெல்பர்னுக்குத் திருப்பி அனுப்பும் வழக்கு தொடங்கியதும் இஸ்ரேலில் அம்மையாருக்கு விசித்திரமான நோய் வந்தது. நீதிமன்றம் என்றால் மனம் பேதலிக்கும். கடைத்தெரு என்றால் தெளிந்துவிடும். தனியார் துப்பறிவாளர்கள் படம் பிடித்துக் காட்டிய பிறகே 2018-ல் மறுபடி கைது. எல்லாம் நடிப்பு என்று மருத்துவர் குழு சொல்ல 2020 ஆனது. அவருக்காக அரசு மனநல மருத்துவரிடம் செல்வாக்கைக் காட்டிய யாக்கோவ் லிட்ஸ்மன் அந்த நாட்டுச் சுகாதாரத் துறையையே கையில் வைத்திருந்தவர். 2022-ல் லிட்ஸ்மன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது நிறுத்தி வைத்த சிறைத் தண்டனையும் 3,000 ஷெக்கல் அபராதமும். லைஃபருக்கு 2023-ல் மெல்பர்னில் 15 ஆண்டு சிறை. அந்தத் தீர்ப்புக்காகப் பெண்கள் காத்திருந்ததும் 15 ஆண்டுகள்தான். குற்றவாளிக்கும் புகார் கொடுத்தவர்களுக்கும் ஒரே தண்டனை!

நியூயார்க்கின் புரூக்ளினில் 2012-ல் நெகமியா வெபர்மன் வழக்கு. சிறுமியைச் சீரழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஊர் கூடி நிதி திரட்டியது. சிறுமிக்கு? சாட்சி சொல்லும்போது நீதிமன்றத்துக்குள்ளேயே அவளைப் படமெடுத்தார்கள். வழக்கைக் கைவிட 5 லட்சம் டாலர் பேரம் பேசியதாக ஆட்கள் கைதானார்கள். இப்படிப் புகார் கொடுக்கும் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. சமூகத்தின் மானம் எவ்வளவு மலிவு பாருங்கள்: அயோக்கியன் செய்ததில் அது போகவில்லை, அழுத குழந்தை வாய் திறந்ததில் போய்விட்டது!

சட்டம் இவர்கள் கையைக் கட்டிப்போட்டதா? இல்லவே இல்லை. பொதுமக்களுக்கு ஆபத்தானவனை ஒப்படைக்கலாம் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே யூதச் சட்ட அறிஞர் ரமா எழுதிவைத்தார். சிறுவர்களைச் சீரழிப்பவன் மீது தக்க முகாந்திரம் இருந்தால் அதிகாரிகளிடம் சொல்லலாம் என்று 2004-ல் ஜெருசலேமில் வாழ்ந்த பெரிய ரப்பி (யூத மதகுரு) எல்யாஷிவ் தீர்ப்பளித்தார். லேவியராகமம் 19:16 ஒரே மூச்சில் இரண்டு கட்டளை இடுகிறது: கோள் சொல்லித் திரியாதே, அயலான் உயிர் போகையில் சும்மா நிற்காதே. மகான்களுக்கு முதல் பாதி மனப்பாடம். இரண்டாம் பாதி வந்தால் கண்ணாடியைக் காணோம்.

அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் அமைப்பான அகுதாத் இஸ்ரேல் 2011-ல் ஒரு சமரசம் கண்டுபிடித்தது: புகார் கொடுக்குமுன் முகாந்திரம் போதுமா என்று ரப்பியிடம் கேளுங்கள். அவர் தடயவியல் படித்தவரா? குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவரா? குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தவர். கோயிலுக்குக் கொடையாளியாகவும் இருக்கக்கூடும். அவரிடம்தான் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம்.

பெற்றோரே, முதல் போன் போலீஸுக்குப் போகட்டும். ரப்பிக்கு அடுத்த போன் போடலாம். புகார் கொடுத்துவிட்டோம் என்று தகவல் சொல்ல.