விற்கக் கூசுகிறவனின் மார்க்கெட்டிங்

விற்பதற்குக் கூச்சப்படுகிறவன் ஒளிந்துகொள்ள மார்க்கெட்டிங் படிப்பைவிட வசதியான இடம் கிடையாது. தொழில்முனைவோர் வகுப்பில் சேர்ந்த பிறகு எனக்கு அது நன்றாகவே வாய்த்தது. தேங்காய்ப்பட்டணத்தில் ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) விற்பது திட்டம். உம்மா தேங்காய் எண்ணெயில் வறுத்துத் தருவாள்; சந்தைப்படுத்துவது என் பொறுப்பு. அதாவது, கடைத்தெருப் பக்கமே போகாமல் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பது.

முதலில் சர்வே. தெரியாதவர்களிடம் பேசக் கூச்சம் என்பதால் சொந்தக்காரர்களிடம் மட்டும் கேட்டேன். எல்லாரும் வாங்குவோம் என்றார்கள். முகத்தைப் பார்த்து யார்தான் மாட்டேன் என்பார்கள்? அதை வட்டப்படமாகப் போட்டு வகுப்பில் கைதட்டல் வாங்கினேன். பாக்கெட் தயாரானதும் சொன்ன சொல் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள், காசுதான் தரவில்லை.

அடுத்தது 4 பி. ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் வகுத்த பொருள், விலை, இடம், விளம்பரம். நான் விளம்பரத்திலேயே குடியிருந்தேன்: இங்கிலீஷ் பெயர், தென்னைமர லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம். விலை போட்டபோது காய், எண்ணெய், கவர் எல்லாம் கணக்கில் ஏறின. அடுப்படியில் நின்ற உம்மாவின் கூலி ஏறவில்லை. இலக்கு வாடிக்கையாளராக, நாகர்கோவிலில் வேலை பார்க்கும், உடம்பில் அக்கறையுள்ள ஓர் இளம்பெண்ணைக் கற்பனை செய்து தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல மார்க். அப்படிப்பட்டவள் எண்ணெயில் பொரித்ததை ஏன் தின்னப்போகிறாள் என்று திருத்தியவரும் கேட்கவில்லை.

ஒருவழியாக ஒரு பலசரக்குக் கடையில் ஏறி, பிராண்டின் கதையை ஆரம்பித்தேன். கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "எத்தன நாள் கெடாம இருக்கும் மோனே? நம்பர் எங்க?" உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணைத்தான் கேட்கிறார் என்று புரியவே நேரமாயிற்று. அது இருக்கவேண்டிய இடத்தில் என் தென்னைமரம் ஓங்கி நின்றது.

கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு ஷாம்பூத் தொழில் தொடங்கிய கதையும் பாடத்தில் உண்டு. கிராமங்களில் பையன்களுக்கு சிக் ஷாம்பூ தேய்த்துக் குளிப்பாட்டிக் காட்டினார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தவர்களுக்குப் புதுப் பாக்கெட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத ஊரில் அடுத்தவன் தலையில் கைவைக்கும் துணிச்சல்தான் அங்கே முதல். நான் அதை ஸ்லைடாக்கி மனப்பாடம் செய்தேன்.

எங்கள் ஊர்க்காரர் தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வியாபாரம் செய்தபடியே எழுதி, 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நாற்காலியை மட்டும்.

இப்போது நம்பர் வாங்கியாயிற்று. கடைகளுக்கும் போகிறேன். காசு வாங்கும் நேரத்தில் மட்டும் "பெறவு தந்தா போதும்" என்று வாய் முந்திக்கொள்கிறது. அந்தப் பாக்கியையெல்லாம் மார்க்கெட்டிங் படிக்காத உம்மாதான் போய் வசூலித்து வருகிறாள்.