மாப்பிள்ளைக்கு பிரேக் வைத்தியம்

வாங்க மாப்ளே! மைசூரு மண்டி மொஹல்லா சந்துல காரை நிறுத்தி, கையில ஸ்பேனரோட நின்னா உங்களுக்குத் தனிக் களைதான். மெக்கானிக் கூலி மிச்சம்ங்கறீங்க. நல்ல யோசனைங்க. அந்தக் காசைப் பத்திரமா வையுங்க, மாவுக்கட்டுப் போட உதவும்.

கோவிச்சுக்காதீங்க. செய்யறதுன்னு ஆயிட்டா மொறையாச் செய்யோணும். பெடல் பொதுபொதுன்னு இறங்குதுன்னா குழாய்க்குள்ள காத்து பூந்திருக்குது. பிரேக் ஆயிலை அழுத்துனா சுருங்காது, காத்து சுருங்கிக்கும். நீங்க மிதிக்கறதை அதுவே முழுங்கிட்டு, சக்கரத்துக்கு ஒண்ணும் அனுப்பாது. ஆழந்தெரியாம காலை உடாதேம்பாங்க. பிரேக்குல காலை உட்டாத்தானுங்க ஆழமே தெரியும்!

அந்தக் காத்தை வெளியேத்தப் புது ஆயில் ஊத்தோணும்; அலமாரியில மூடி தொறந்து கெடக்குற பழைய ஆயிலை எடுக்காதீங்க. மழைக்காலத்து உப்புச் சட்டியாட்டம் ஈரத்தை இழுத்துக்கற சாமான் அது. டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரி சூடாவது தாங்கோணும். ஈரம் ஏறிட்டா 140 தாங்குனாலே பெருசு. சாமுண்டி மலையில மிதிச்சுட்டே இறங்குனா ஆயிலுக்குள்ள ஆவி கிளம்பி, பெடல் தரையத் தொட்டுரும். அம்மனைக் கூப்பிடத்தான் நேரமிருக்கும். செகண்ட் கியர்ல இறங்கற பழக்கம் இருந்தா அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு.

வண்டியை சமதரையில, ஸ்டாண்டு மேல நிறுத்துங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில பூந்தீங்கன்னா நான் வேற மாப்பிள்ளை தேடோணும். மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்துல இருக்கற இடது பின்சக்கரத்துல ஆரம்பிக்கறது வழக்கம்; சில வண்டிக்கு வரிசை வேற, வண்டியோட வந்த புஸ்தகத்தைப் பாருங்க. சக்கரத்துப் பக்கம் காத்தை வெளியேத்தற நிப்பிள்ல உள்ளே தெரியற டியூப்பை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊத்துன பாட்டில்ல முக்குங்க.

என்ற பொண்ணை சீட்டுல உக்கார வையுங்க. அவ மிதிச்சு நிறுத்துனதும் நிப்பிளைத் தொறங்க; முடுக்கினப்புறம்தான் காலை எடுக்கச் சொல்லோணும். முந்தி எடுத்தா போன காத்து திரும்பி வந்துரும். நீங்க சொல்லி அவ கேக்கற காரியம் இது ஒண்ணுதானுங்க, நிதானமா அனுபவிங்க. குமிழி நிக்கற வரைக்கும் செய்யுங்க. நடுவால மேல இருக்கற ஆயில் டப்பா வத்துனா மறுபடியும் முதல்ல இருந்துதான். பெயிண்டுல சொட்டுப் பட்டா உடனே தண்ணி ஊத்துங்க. ஏபிஎஸ் பெட்டிக்குள்ள காத்து மாட்டுனா பல வண்டியில ஸ்கேனர் வேணும். அப்ப கௌரவம் பாக்காம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

எல்லாம் முடிஞ்சா சந்துக்குள்ளயே நடை வேகத்துல ஓட்டிப் பாருங்க. அப்புறந்தான் அசோகா ரோடு. அன்னிக்கே மலைக்குப் போலாம்னு கூப்பிட்டா நானும் வர்றேனுங்க; எனக்குத்தான் 1,000-க்கு மேல படி இருக்குதே!