நாலில் ஒன்றை மாற்று

‘லாஸ்ட் வேர்ட்’ என்றொரு காக்டெயில். 1916 வாக்கிலேயே டெட்ராய்ட் நகரத்து கிளப் ஒன்றில் ஓடிய சரக்கு. ஜின், பச்சை சார்ட்ரூஸ், மராஸ்கினோ, எலுமிச்சைச் சாறு. நாலும் சம அளவு. ஜின்னை எடுத்துவிட்டு மெஸ்கால் ஊற்றினால் புதுப் பானம், புதுப் பெயர், முக்கியமாகப் புது விலை.

இப்போது சார்ட்ரூஸுக்குத்தான் தட்டுப்பாடு. 130 மூலிகைகள் போட்டு அதைச் செய்யும் பிரெஞ்சுத் துறவிகள், ஜெபம்தான் முதல் வேலை என்று உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். நம் டாஸ்மாக் காதில் இது விழாமலிருக்கட்டும்.

தர்மபுரிப் பக்கத்து இண்டூர்க்காரர் ஏன் கலங்க வேண்டும்? நாட்டு மருந்துக் கடையில் தசமூலாரிஷ்டம் இருக்கிறது. பத்து வேர், கொஞ்சம் தாதகிப்பூ. போதை தானாக ஊறுகிறது, யாரும் ஊற்றுவதில்லை. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது சேலம் மாவட்டத்தில். தர்மபுரிப் பக்கமும் அன்று அதற்குள்தான். ஆக, மருந்து என்ற பெயருக்கு இங்கே மரியாதை அதிகம்.

அரிஷ்டம், இஞ்சிச் சாறு, எலுமிச்சை, வெல்லப்பாகு. நாலும் சம அளவு. பெங்களூரு பாரில் எண்ணூறு ரூபாய் சொல்லலாம். பாட்டிலில் உள்ள ‘உணவுக்குப் பின் இருவேளை’யை மட்டும் கிழித்துவிட வேண்டும்.