வலப்புற அடைப்புக்குறி காணாமற்போதலும் பிறர் அதனைக் கண்டெடுத்தலும்

இலங்கை மலையகம் பற்றிய ஆய்வுகள் கொழுந்தையும் லயத்தையும் நாட்சம்பளத்தையும் போதிய அளவு பேசிவிட்டன. ஆனால் ஹட்டன் நகரில் ஒரு மேல்மாடி அறையில், யன்னலுக்கு வெளியே மப்பு இறங்கிக்கொண்டிருக்க, ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளின் திரையடியில் 'மெல்ஃபோம்ட் லிஸ்ட்' என்று வந்து நிற்கும் பிழைச்செய்தி வரியைப் பார்த்துவிட்டு ஒரு படவரைஞர் பக்கத்துக் கதிரைக்காரரைக் கூப்பிடுகிறாரே, அந்தக் கூப்பிடுதலை அறிஞர் எவரும் பொருட்படுத்தவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை, பிளேன்டீ கிடைத்தது.

முதற்கண் குலமுறை கிளத்துவோம். லிஸ்ப் என்னும் நிரல்மொழியை 1958இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோன் மெக்கார்த்தி வகுத்தார். இம்மொழியில் எல்லாமே அடைப்புக்குறிக்குள் வாழும். திறந்ததை மூடியே ஆகவேண்டும். இந்த எழுத்துமுறை தற்காலிகம் என்றும், மனிதர் வாசிக்கத்தக்க வேறொன்று பின்னால் வரும் என்றும் மெக்கார்த்தி எண்ணியிருந்தார். இன்னும் வரவில்லை. அவர் 'ஈவால்' என்ற செயற்கூறைத் தாளில் கோட்பாடாக எழுதிவைத்திருக்க, அவருடன் வேலை செய்த ஸ்டீவ் ரஸல் அதை வாசித்துவிட்டு, நான் இதை ஐ.பி.எம். 704இல் ஓட்டிக்காட்டுகிறேனே என்றார். கோட்பாட்டையும் நடைமுறையையும் குழப்பிக்கொள்கிறாய் என்று மெக்கார்த்தி தடுத்தார். ரஸல் கேட்கவில்லை, ஓட்டிக்காட்டிவிட்டார். ஆகவே லிஸ்ப் உலகின் முதல் உதவி, கேட்காமலே, வேண்டாம் என்ற பிறகும் செய்யப்பட்ட உதவி என்க. இக்குணம் அக்குடும்பத்தில் இன்றளவும் உண்டு.

1975இல் ஸ்கீம், 1984இல் கொமன் லிஸ்ப், 2007இல் குளோஜர் எனப் படித்த பிள்ளைகள் பலர் அந்தக் குடும்பத்தில் பிறந்தனர். 1986இல் ஆட்டோகேட் மென்பொருளுக்குள் வந்து சேர்ந்த ஆட்டோலிஸ்ப், கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவைக்காமல் பரிமாற மட்டும் கூப்பிடப்படும் உறவுக்காரர். பல்கலைக்கழகங்கள் அவரைச் சீந்துவதில்லை. மலையகத்துக்கோ அவரே சொந்தம். நில அளவைப் பிளானும் வீட்டுப் பிளானும் கீறுகிற பையன்கள் அவருடைய உதவியால்தான் பொழுது சாயுமுன் வீடு போகிறார்கள். தாங்கள் மெக்கார்த்தியின் பேரப்பிள்ளைகள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பஸ் கட்டணம் குறையப்போவதில்லை.

அவ்வுதவியின் தேவை யாதெனின், பேர்ச் என்னும் நில அளவு. திரை சதுர மீற்றரில் பேசும். பழைய உறுதிகளோ ஏக்கர், றூட், பேர்ச் என்று பேசும். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர், 160 பேர்ச் ஓர் ஏக்கர். தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, அதில் 550 சதுர அடி வீடு என்ற கணக்கு நிலைபெற்றபின், ஒரு மலைச்சரிவை ஏழு ஏழாகத் துண்டுபோடுவது ஒரு தனிக் கலையாயிற்று. 2017 மே 12இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அறிவிப்புக்கும் அத்திவாரத்துக்கும் நடுவில் கிடப்பது வரைபடம். ஒவ்வொரு துண்டையும் தொட்டு, பரப்பை எடுத்து, 25.29ஆல் வகுத்து, நடுவில் எழுதிவைப்பதைக் கையால் செய்தால் ஒரு நாள். லிஸ்ப் ஓடினால் ஒரு தேத்தண்ணி நேரம். ஓடினால்.

ஓடாதபோது நிகழ்வது பின்வருமாறு:

"அண்ணே, இது ஓட மாட்டேங்குது."

"என்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு பிராக்கெட்டைக் காட்டிக்கிட்டு சும்மா நிக்குது."

"அப்ப ரெண்டு மூடல."

"அது தெரியுதுண்ணே. எங்க?"

"தள்ளு."

இவ்வுரையாடலின் உயிர்நிலை இறுதிச் சொல்லில் உள்ளது. எத்தனை அடைப்புக்குறி பாக்கி என்பதை இயந்திரம் சொல்லும். எங்கே என்பதைச் சொல்லாது. பழைய பதிப்புகளில் அது 1> என்றும் 2> என்றும் எண்ணாகவே கடனைக் காட்டியது, பிற்காலத்தில் ((_> என்று திறந்த வாய்களாகக் காட்டுகிறது. (கோப்பாக ஏற்றும்போது அதுவும் இல்லை, 'மெல்ஃபோம்ட் லிஸ்ட்' என்ற வசவு மட்டுமே.) எனவே இடம் காண ஆள் வேண்டும். இதனின்று பெறப்படும் முதல் விதி: எழுதியவன் கண்ணுக்குத் தன் அடைப்புக்குறி தெரியாது, பிறன் கண்ணுக்கே தெரியும்.

இவ்விதிக்கு விலக்கு ஒன்று கள ஆய்வில் புலப்பட்டது. 'தள்ளு' என்றதும் கேட்டவர் எழுந்து, தன் கதிரையைக் கொடுத்துவிட்டு, உதவுபவரின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். உதவுபவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் பின்னால் நிற்பவரே, "ஆ, அந்த ஏழாவது வரியில" என்கிறார். உட்கார்ந்தபோது தெரியாதது நின்றபோது எப்படித் தெரிந்தது? கதிரையை விட்டு எழுந்த கணத்தில் அவர் தனக்கே பிறன் ஆகிவிடுகிறார் என்பதே எமது துணிபு. அவ்வாறாயின் உதவியவர் யார்? உதவியவர் அண்ணனே. பின்னேர வடைக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதைக் கொண்டு இது உறுதிப்படும்.

ஈண்டு மறுப்போர் ஒரு சாரார் உளர். மென்பொருளுடனேயே விஷுவல் லிஸ்ப் தொகுப்பி வருகிறதே, இரண்டு விசையை அழுத்தினால் ஒவ்வொரு குறிக்கும் ஜோடியைக் காட்டுமே, அண்ணன் எதற்கு என்பர். நன்று. ஆயின் யாவரும் எழுதுவது நோட்பேடில். மேலும் தொகுப்பி வடை தின்னாது.

இனி, அடைப்புக்குறிகள் யாவும் மூடியிருந்தும் விடை பிழைக்கும் இடம். இதுவே மலையகத்துக்குச் சிறப்பாக உரியது. நில அளவையில் காணியின் பரப்பென்பது கிடைத்தளத்தில் விழும் பரப்பு. 30 பாகைச் சரிவில் 7 பேர்ச் என்றால் புல் வெட்டுகிறவர் வெட்டுவது 8 பேர்ச்சுக்குச் சற்றுக் கூட. கிடையாக 10 மீற்றர் முன்னே போனால் ஏறக்குறைய 5.8 மீற்றர் மேலே போயிருப்பார். படிக்கட்டுக்கும் தாங்குசுவருக்கும் அந்த ஏற்றம் தேவை. ஏற்றத்துக்கு 'டான்' தேவை. ஆட்டோலிஸ்ப்பில் சைன் உண்டு, கொஸ் உண்டு, 'டான்' இல்லை! மலைநாட்டைக் கனவிலும் காணாதவர்கள் செய்த மொழி என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆகவே சைனைக் கொஸ்ஸால் வகுத்து 'டான்' செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். கோணம் ரேடியனில் இருக்கவேண்டும் என்பதால் பாகையை 180ஆல் வகுத்துப் பையால் பெருக்கும் இன்னொரு துண்டும் கூடவே வரும்.

இங்கேதான் வினை. ஆட்டோலிஸ்ப்பில் (/ 30 180) என்று கேட்டால் விடை 0. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். (/ 30 180.0) என்று கேட்டால்தான் 0.166667 என்று வாய் திறக்கும். அந்த ஒற்றைப் புள்ளி விடுபட்டால் முழு எண்ணில் கொடுத்த எந்தச் சரிவும் பூச்சியப் பாகை. நுவரெலியா மாவட்டம் முழுவதும் யாழ்ப்பாணம் போல் தட்டையாகிவிடும். 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலையை இவ்வளவு சிக்கனமாகத் தரைமட்டமாக்கிய கருவி வேறில்லை. பிழைச் செய்தியும் வராது. தாங்குசுவர் உயரம் 0 என்று பணிவாக எழுதிவைக்கும். இதைக் கண்டுபிடிப்பவர் நிரலறிந்தவர் அல்லர். பிளானைப் பார்த்துவிட்டு, "இந்த எடத்துக்கு நான் போயிருக்கேன், மூச்சு வாங்கும்" என்று சொல்லும், அதே தோட்டத்தில் பிறந்த பையன்.

உதவியின் பின்விளைவுகளும் ஆராயத்தக்கன. அண்ணன் கொடுத்த லிஸ்ப், கோடு தவறாமல் விழுவதற்காக ஓஸ்னாப்பை (புள்ளிகளில் தானாக ஒட்டவைக்கும் வசதியை) அணைத்துவிட்டு வேலை தொடங்கும். முடிந்ததும் திரும்பப் போடும். நடுவில் யாராவது எஸ்கேப் அழுத்தினால் அணைந்தது அணைந்ததுதான். அதன்பின் கீறுகிற மூலைகள் ஒன்றோடொன்று முட்டா. எல்லை மூடாத காணிக்குப் பரப்பு இல்லை, பரப்பு இல்லாத காணிக்குப் பேர்ச் இல்லை. மறுபடியும் "அண்ணே!"

அண்ணனுக்கு அதைக் கொடுத்தவர் யார்? கொழும்பில் வேலை செய்த ஒருவர். அவருக்கு? கோப்பின் தலையில் அரைப்புள்ளி இட்ட வரிகளில் மூல ஆசிரியர் பெயர் இருக்கும். அரைப்புள்ளிக்குப் பின் வருவதை இயந்திரம் படிக்காது, மனிதரும் படிப்பதில்லை. இப்படிப் பென் டிரைவில் கைமாறுவதில் ஆபத்தும் உண்டு. 2012இல் பெரு நாட்டில் பரவிய மெட்ரே என்ற புழு ஆட்டோலிஸ்ப்பில் எழுதப்பட்டதே. வரைபடங்களைத் திருடிச் சீனாவிலிருந்த மின்னஞ்சல் கணக்குகளுக்கு அனுப்பியது. விலை குறைந்த எல்.டி. பதிப்பு வைத்திருந்தோர் நெடுங்காலம் இத்தகைய தீமைக்கும் நன்மைக்கும் அப்பாற்பட்டிருந்தனர்; 2023இல் வெளிவந்த எல்.டி. 2024இல்தான் அவர்களுக்கும் லிஸ்ப் திறந்தது. கூப்பிட வேண்டிய அண்ணன்மார் தொகை அன்றே கூடிற்று.

இக்கட்டுரையை வாசிக்கும் மலையகப் படவரைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடமுள்ள லிஸ்ப் கோப்பைத் திறந்து 180 என்ற எண்ணைத் தேடுங்கள். பின்னால் ஒரு புள்ளியும் ஒரு பூச்சியமும் இல்லையென்றால் இப்போதே போட்டுவிட்டு, அதை யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அவர்களுக்கும் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள். தாங்குசுவர் இன்னும் கட்டத் தொடங்கவில்லை.